லிப்ஸ்டிக் நிறம் மங்கியது ஏன்? என் அனுபவம்

அழகுப்பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தின் மொபைல் ஆப்பைப் புது வடிவமைப்புக்கு மாற்றினோம். வெளியிட்டதுமே, சிவப்பு லிப்ஸ்டிக் எல்லாம் வெளுத்துத் தெரிகிறது என்று புகார். நிறத்தைப் பார்த்துத்தானே வாங்குகிறார்கள்!

போனில் திரையின் நிறச் சாயலை மாற்றும் ட்ரூ டோன், நைட் ஷிஃப்ட் வசதிகள் இரண்டையும் அணைத்துப் பார்த்தோம். பலனில்லை. புதிய இளஞ்சிவப்புப் பின்னணியை வெள்ளையாக்கினோம். படத்தின் தரத்தை ஏற்றினோம்; கோப்புதான் பெருத்தது.

கடைசியில் மூலப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: வெள்ளையும் சாம்பல் நிழலும் அப்படியே இருக்கின்றன, அடர் சிவப்பும் பவழ நிறமும் மட்டும் மங்கியிருக்கின்றன. ஸ்டூடியோ படங்கள் டிஸ்ப்ளே பி3 என்ற பரந்த நிறவெளியில் (எந்த எண் எந்த நிறம் என்ற வரையறையில்) இருந்தன. அவற்றை வெப்பி (WebP) என்ற பட வடிவத்துக்கு மாற்றும் சி-வெப்பி (cwebp) கருவி, நாம் தனியாகச் சொல்லாவிட்டால் படம் எந்த நிறவெளியில் உள்ளது என்று சொல்லும் ஐசிசி ப்ரொஃபைலை நீக்கிவிடும். அது போய்விட்டால் போன் அதே நிற எண்களை எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான, சிறிய நிறவெளியின் எண்களாகப் படிக்கும்; சிவப்பு வெளுக்கும். இரண்டு நிறவெளிக்கும் வெண்புள்ளி (எது வெள்ளை என்ற வரையறை) ஒன்றே என்பதால் சாம்பல் மாறாது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

முதலில் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, அப்புறம் வெப்பி ஆக்கினோம். சரியாகிவிட்டது, அப்பாடா! ஒன்று மட்டும்: புதுப் படங்களுக்குக் கோப்புப் பெயரையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் முன்பே சேமித்து வைத்த நகலான கேஷிலிருந்து பழைய படமே வந்துகொண்டிருக்கும்.