டி-செல் பெருக்கத்தில் இன்டர்லூக்கின்-2 திறக்கும் இரு பாதைகளைப் பிரித்தறிவது எப்படி?

டி-செல்கள் நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள்; இன்டர்லூக்கின்-2 அவற்றைப் பெருகத் தூண்டும் சைட்டோகைன், அதாவது செல்களிடையே செய்தி கடத்தும் புரதம். 1976-இல் கண்டறியப்பட்டபோது, அது டி-செல் வளர்ச்சிக் காரணி என்றே அழைக்கப்பட்டது. ஆல்ஃபா, பீட்டா, காமா என்ற புரதச் சங்கிலிகளால் ஆன ஏற்பியில் அது அமர்ந்ததும், பீட்டா சங்கிலியோடு இணைந்துள்ள ஜேக்1, காமா சங்கிலியோடு இணைந்துள்ள ஜேக்3 ஆகிய கைனேஸ்கள் (புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றும் நொதிகள்) செயல்படத் தொடங்கி, ஸ்டாட்5 என்ற புரதத்தின் வழியாக மரபணுக்களையும், பிஐ3கே–எம்டார் என்ற நொதித் தொடர் வழியாகப் புரத உற்பத்தியையும் முடுக்கிவிடுகின்றன. பாடநூல் படங்களில் இவை இரண்டு தனி அம்புக்குறிகள். ஒன்றை அடைத்தால் மற்றொன்று என்ன ஆகிறது என்பதைச் சோதித்துப் பார்த்தவருக்கே அவற்றின் உறவு விளங்கும்.

உரிய ஒப்புதலுடன் பெற்ற மனித இரத்தத்திலிருந்து டி-செல்களைப் பிரித்து, அவற்றின் மேற்பரப்புப் புரதங்களான சிடி3, சிடி28 ஆகியவற்றுக்கு எதிரான ஆன்டிபாடிகள் பூசிய காந்த மணிகளுடன் மூன்று நாள் வளர்க்கவும். தூண்டப்படாத செல்களில் பெரும்பாலானவற்றில் ஆல்ஃபா சங்கிலியாகிய சிடி25 மிகக் குறைவு. மூன்று சங்கிலிகளும் கூடிய ஏற்பி ஏறத்தாழ 10 பிகோமோலார் செறிவிலேயே இன்டர்லூக்கின்-2-ஐப் பற்றிக்கொள்ளும்; பீட்டாவும் காமாவும் மட்டும் இருந்தால் அதைப்போல் நூறு மடங்கு வேண்டும். ஆகவே சிடி25 உயர்ந்திருப்பதை உறுதிசெய்த பிறகே அடுத்த கட்டத்துக்குச் செல்ல வேண்டும்.

பின்னர் மணிகளை நீக்கி, செல்களை இருமுறை கழுவி, சைட்டோகைன் இல்லாத ஊடகத்தில் சில மணி நேரம் ஓய்வில் வைக்கவும். இந்த ஓய்வை நான் ஒருமுறை அவசரத்தில் சுருக்கியபோது, எதுவும் சேர்க்காத குழாயிலேயே பாஸ்பேட் ஏறிய, அதாவது செயலில் உள்ள, ஸ்டாட்5 ஒளிர்ந்தது. ஒரு வார உழைப்பு வீணானது.

ஓய்வுக்குப் பின் செல்களை நான்கு பங்காக்கவும்: வெறும் ஊடகம், இன்டர்லூக்கின்-2 மட்டும், இன்டர்லூக்கின்-2-உடன் ஜேக் தடுப்பானாகிய டோஃபாசிட்டினிப், இன்டர்லூக்கின்-2-உடன் எம்டார் தடுப்பானாகிய ராபமைசின். தடுப்பான்களை அரை மணி நேரம் முன்பே சேர்த்து, அவற்றைக் கரைத்த டிஎம்எஸ்ஓ நான்கிலும் ஒரே அளவில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளவும். ஸ்டாட்5-க்கு 15 நிமிடமும், எம்டாரின் செயலைக் காட்டும் எஸ்6 புரதத்துக்கு ஒரு மணி நேரமும் கழித்து, குழாயிலேயே ஃபார்மால்டிஹைடு சேர்த்து நிலைப்படுத்தவும். அடுத்துச் சேர்க்கும் மெத்தனால் பனிக்கட்டிக் குளிர்ச்சியில் இருக்க வேண்டும். குழாயைச் சுழற்றிக்கொண்டே துளித்துளியாக விட்டால்தான் செல்கள் கட்டிதட்டாது.

பிறகு, பாஸ்பேட் ஏறிய ஸ்டாட்5, எஸ்6 ஆகியவற்றைப் பற்றும் ஒளிரும் ஆன்டிபாடிகளைச் சேர்க்கவும். ஒவ்வொரு செல்லின் ஒளிர்வையும் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் தெரியும் சமச்சீரின்மையே இச்சோதனையின் உயிர். ராபமைசின் சேர்த்த பங்கில் எஸ்6 அணைந்துவிடும், ஸ்டாட்5 ஒளிர்ந்தபடியே இருக்கும். டோஃபாசிட்டினிப் சேர்த்த பங்கிலோ ஸ்டாட்5 அணைவதோடு எஸ்6-உம் தாழும். இரு பாதைகளும் ஜேக்கில் தொடங்கிப் பிறகு பிரிவதையே இது காட்டுகிறது. டோஃபாசிட்டினிப் பங்கில் எஸ்6 முற்றிலும் அணையாவிட்டால் அதைப் பிழை என்று ஒதுக்க வேண்டாம். அமினோ அமிலங்களும் எம்டாரைத் தூண்டுகின்றன.

பெருக்கத்தை அளக்க, ஓய்வெடுத்த செல்களில் ஒரு பகுதிக்கு, செல் பிரியும்போது சேய்ச்செல்களுக்குப் பங்கிடப்படும் சிஎஃப்எஸ்இ என்ற ஒளிரும் சாயம் ஏற்றி, அதே நான்கு நிலைகளில் மூன்று நாள் வளர்க்கவும். ஒவ்வொரு பிரிவிலும் ஒளிர்வு பாதியாகும். தூண்டப்பட்ட செல்கள் அளவில் ஒத்திருப்பதில்லை என்பதால் ஒவ்வொரு தலைமுறைக்கும் உரிய ஒளிர்வுச் சிகரங்கள் மங்கலாகவே பிரியும். தொடக்க நேர மாதிரி ஒன்றை அளந்து வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும். ராபமைசின் பங்கில் செல்கள் சிறுத்து, பிரிவு மந்தமாகும். இன்டர்லூக்கின்-2 கிடைக்காத பங்கில் பல செல்கள் இறந்தே போகும். ஆகவே இறந்த செல்களைக் காட்டும் சாயத்தைச் சேர்த்து அவற்றை விலக்கிய பிறகே எண்ணவும். இல்லையெனில் இறப்பை மந்தமான பிரிவு என்று தவறாகக் கொள்ள நேரிடும்.