ரேஸ் படகின் உடைந்த அடியை ஒட்டும்போது செய்யக்கூடாதவை

போன ஞாயிறு காலை ஒரு தம்பி சாக்கில் சுற்றிய படகோடு வந்து நின்றார். 90 சென்டிமீட்டர் நீளமுள்ள ஃபைபர் கிளாஸ் ரிமோட் ரேஸ் படகு, ‘வி’ வடிவ அடி. மழை முடிந்து நிரம்பிக் கிடந்த கண்மாயில் ஓட்டும்போது, தண்ணீருக்குள் மறைந்திருந்த சீமைக் கருவேலத் தூரில் ஏறி அடி கிழிந்திருக்கிறது. அவரே ஒட்டி, தேய்த்து, பெயின்ட் அடித்திருந்தார். பார்வைக்குக் குறை சொல்ல முடியாது. “அண்ணே, முன்ன மாதிரி ஓட மாட்டேங்குது. வேகம் கூட்டினா மூக்கைத் தண்ணிக்குள்ள சொருகுது. பெரிய மோட்டாராப் போட்டுரவா?” என்றார்.

மோட்டாருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. படகைக் கவிழ்த்துப் பார்ப்பதற்கு முன்பே என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துவிட்டது. அதே தவறுக்கு நானும் பணம் கட்டியிருக்கிறேன்.

மண்டபத்தில் மீன்பிடி ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுவது என் தொழில். ரிமோட் படகு ஞாயிற்றுக்கிழமை ஆசை. கச்சான் காற்று மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் குளம் மாதிரிக் கிடக்கும், அங்கே ஓட்டுவோம். வாடை தொடங்கிவிட்டால் வடகடல் ஆகாது, கண்மாய்க்குப் போய்விடுவோம். கடலில் பார் என்கிற பாறைத்திட்டு, கண்மாயில் கருவேலத் தூர் என்று இடிபடுவதற்கு எங்கேயும் பஞ்சமில்லை. அதனால் ஒட்டுவேலை எல்லாரும் கற்றுக்கொண்டே ஆக வேண்டும். ஈரத்தின் மேல் ஒட்டக்கூடாது, ஃபெவிக்விக்கை நம்பி ஓட்டக்கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

உப்பைக் கழுவாமல் தேய்ப்பது

கடலில் உடைந்த படகை வெயிலில் காயவைத்து, நேரே உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்குகிறார்கள். கிழிந்த இடத்தில் கண்ணாடி இழைகள் பஞ்சு மாதிரிப் பிரிந்து நிற்கும். கடல் தண்ணீர் அதற்குள் ஏறியிருக்கும். தண்ணீர் காய்ந்தாலும் உப்பு அங்கேயே இருக்கும். தேய்க்கத் தேய்க்க இன்னும் உள்ளே போகும். “அசிட்டோன் போட்டுத் துடைச்சேனே” என்பார்கள். அசிட்டோனில் எண்ணெய் கரையும், உப்பு கரையாது. நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை ஊறவைத்து அலசுங்கள். நிழலில் 2 நாள் காயட்டும். அப்புறம் அசிட்டோன், அப்புறம் உப்புத்தாள். உப்பின் மேல் போட்ட ஒட்டு ஈரத்தை இழுத்துக்கொண்டு சில மாதத்தில் தோலாக உரிந்து வரும்.

கண்ணில் பட்ட விரிசல்தான் உடைப்பு என்று நினைப்பது

ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, விரிசலிலிருந்து வெளியே நகர்ந்தபடி தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் ‘டக் டக்’ என்று கெட்டியாகக் கேட்கும். இழையடுக்குகள் பிரிந்த இடத்தில் சத்தம் செத்துப்போய் ‘தொப்’ என்று விழும். சத்தம் மாறும் இடத்தையெல்லாம் பென்சிலால் குறித்துக்கொண்டே போனால், விரல் நீள விரிசலுக்கு உள்ளங்கை அகலச் சேதம் இருப்பது தெரியும். ஒட்டுக்கான கண்ணாடித் துணியை அந்தப் பென்சில் கோட்டுக்கு வெளியே, எல்லாப் பக்கமும் 3 சென்டிமீட்டராவது போகும்படி வெட்ட வேண்டும்.

பட்டறை மேட்டை எபாக்ஸியில் போடுவது

மேட்டு (mat) என்பது துண்டு துண்டான கண்ணாடி இழைகளைப் பசையால் சேர்த்த விரிப்பு. எங்கள் மாதிரிப் பட்டறைகளில் வெட்டி மிச்சமான மேட்டுத் துண்டுகள் கிடக்கும். பையன்கள் ஆசையாகக் கேட்டு வாங்கிப் போவார்கள். இழையில் ஊற்றி இறுகவிடும் பிசின்தான் ரெசின்; பாலியஸ்டரும் எபாக்ஸியும் அதில் வெவ்வேறு வகை. மேட்டு பாலியஸ்டர் ரெசினுக்கானது. துண்டு இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை, பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பானில் கரைந்து, மேட்டு தளர்ந்து வளைவுக்குப் படியும். எபாக்ஸியில் ஸ்டைரீன் கிடையாது. பசை கரையாமல் மேட்டு விறைத்தே நிற்கும், மூலையில் தூக்கிக்கொள்ளும். அதை அமுக்க ரெசினை ஊற்றிக்கொண்டே இருப்பீர்கள், எடைதான் ஏறும். எபாக்ஸிக்கு நெய்த கண்ணாடித் துணி வாங்குங்கள். சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் வரை உள்ளது போதும்.

இன்னொன்று: முன்பு எபாக்ஸியில் ஒட்டிய இடத்தின் மேல் பாலியஸ்டர் சரியாகப் பிடிக்காது. பாலியஸ்டர் மேல் எபாக்ஸி பிடிக்கும். ஒருமுறை எபாக்ஸிக்கு வந்துவிட்டால் அதிலேயே இருங்கள்.

சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டுவது

பாலியஸ்டரை இறுகவைக்கப் போடும் கேட்டலிஸ்ட் 1 முதல் 2 சதவீதம். வெயிலைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம். அதே பழக்கத்தில் எபாக்ஸி ஹார்டனரையும் கூட்டுகிறார்கள். எபாக்ஸி அப்படி இல்லை. டப்பாவில் 100க்கு 10 என்று போட்டிருந்தால் 100க்கு 10தான். கூடினாலும் குறைந்தாலும் காலத்துக்கும் ரப்பர் மாதிரியே கிடக்கும். சின்ன டிஜிட்டல் தராசில் நிறுத்துப் போடுங்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் கலவை கையில் நிற்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். நம் ஊரில் மதியம் எபாக்ஸி கலக்குவது வீண்செலவு.

பாலியஸ்டர் வேலை செய்கிறவர்கள், இறுகுவதை வேகப்படுத்தப் போடும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது. வெடிக்கும்.

அடியின் நேர்க்கோட்டைத் தொலைப்பது

இதைத்தான் சொல்ல வந்தேன்.

எனது இரண்டாவது படகு பாரில் ஏறி அடி கிழிந்தது. பெரிய படகுகளுக்கு ஒட்டுப் போடுகிற கை, இது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். உள்ளே நாலு அடுக்கு, வெளியே ஓர் அடுக்கு, புட்டி, பெயின்ட். தண்ணீரில் விட்டால், பாதி வேகம் வரை ஒழுங்கு. அதற்கு மேல் அணியம், அதாவது மூக்குப் பக்கம், அமுங்கி, தண்ணீரை இரண்டு பக்கமும் வாரி இறைத்தது. எடை முன்னால் இருக்கிறது என்று பேட்டரியைப் பின்னால் தள்ளினேன். புரொப்பெல்லர் மாற்றினேன். ஷாஃப்டைத் தாங்கும் ஸ்ட்ரட்டை ஏற்றி இறக்கினேன். இழுவை கூடி ஸ்பீடு கன்ட்ரோலர் புகைந்து போனது. மூன்று மாதம் இப்படியே போனது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி ஒருநாள் பட்டறைக்கு வந்தவர், படகைக் கவிழ்த்து, பின் விளிம்பிலிருந்து அணியத்தை நோக்கி, அடியின் நடுவே நீளவாக்கில் ஓடும் ஏராவுக்கு இணையாக 60 சென்டிமீட்டர் ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி வைத்தார். பின்னாலிருந்து செல்போன் டார்ச்சைப் பிடித்தார். “குனிஞ்சு பாருடா” என்றார். ஸ்கேலின் இரண்டு முனையும் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. நடுவில், நான் ஒட்டுப்போட்ட இடத்தில், ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிசாக வெளிச்சம் தெரிந்தது. நகம் நுழையாத இடைவெளி. மூன்று மாதமும் அந்த வெளிச்சத்துக்குத்தான் செலவழித்திருக்கிறேன்.

வேகமாகப் போகும் படகு, அடியின் கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான் ஓடுகிறது. மற்றதெல்லாம் காற்றில். அந்தப் பகுதி உள்வாங்கியிருந்தால் பின் விளிம்பு கீழ்நோக்கி வளைந்த மாதிரி ஆகிவிடும். தண்ணீர் அதில் மோதிப் பின்பக்கத்தைத் தூக்கும், மூக்கு அமுங்கும். வெளியே தொப்பை விழுந்திருந்தால் பின்பக்கம் உறிஞ்சப்பட்டு மூக்கு எழும்பும், படகு தவளை மாதிரித் தத்தித் தத்திப் போகும். ஒரு மில்லிமீட்டர் போதும்.

அடி எப்படி இப்படி வளைகிறது? நான் செய்த மாதிரி பாலியஸ்டரைத் தடிப்பாக ஒரே மூச்சில் போட்டால், இறுகும்போது சுருங்கி அடியை இழுத்து வளைக்கும். படகை முன்னும் பின்னும் இரண்டு கட்டையில் வைத்துவிட்டு நடுவில் ஈர ஒட்டோடு விட்டால், உடைந்து பலமிழந்த இடம் தானாக வளைந்து அப்படியே இறுகும். மேலே புட்டி போட்டு, உப்புத்தாளை விரலில் பிடித்துத் தேய்த்தால், விரல் அழுத்திய இடமெல்லாம் குழியாகும். பெயின்ட் இத்தனையையும் மறைத்துவிடும். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். புரொப்பெல்லருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள், ஒரு ஸ்கேலை வைத்துப் பார்க்க மாட்டேன் என்கிறார்கள்.

சரி, செய்ய வேண்டியது இது. பழைய ஜன்னல் கண்ணாடியில் உடைப்பை விட நல்ல நீளமான பட்டை ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். அதன் மேல் பார்சல் ஒட்டும் பிரௌன் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள், எபாக்ஸி அதில் பிடிக்காது. அடியின் வெளிப்பக்கத்தில், உடைந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் நல்ல பகுதியைத் தொடும்படி கண்ணாடியை வைத்து இறுக்கிக் கட்டுங்கள். உடைந்த ஓரங்கள் இப்போது கண்ணாடியில் படிந்து நேராகும். படியாமல் துருத்தும் இழைகளை வெட்டிவிடுங்கள். பிறகு உள்பக்கத்திலிருந்து துணி: மெல்லிசாக ஓர் அடுக்கு, அது இறுகிய பிறகு அடுத்தது. ஓர் அடுக்கு இறுகியதும் மேலே வழவழப்பாக மெழுகு மாதிரிப் படியும், கடற்கரை ஈரக்காற்றில் இது அதிகம். தண்ணீரால் கழுவி, தேய்த்துவிட்டு அடுத்த அடுக்கைப் போடுங்கள். கடைசி அடுக்குக்குப் பிறகு 24 மணி நேரம் கண்ணாடியைக் கழற்றாதீர்கள். தேய்க்கும்போது விரல் வேண்டாம். 30 சென்டிமீட்டர் அலுமினியப் பைப்பில் உப்புத்தாளை ஒட்டித் தேய்த்தால் மேடு மட்டும் போகும். ‘வி’ அடியில் இரண்டு பக்கத்தையும் ஸ்கேலால் பார்க்க வேண்டும்.

வெளியே மட்டும் ஒட்டுவது

துணி உள்ளே. வெளியே பூச்சு மட்டும்.

பின் விளிம்பை உருட்டிவிடுவது

புட்டியைத் தேய்க்கிற வேகத்தில் இது நடக்கும். அந்த விளிம்பு கூராக இருந்தால்தான் தண்ணீர் படகை விட்டுப் பிரியும்.

ஒட்டிய படகைக் காருக்குள் விடுவது

வெயிலில் நிற்கும் கார் அடுப்பு மாதிரி. சாதாரண எபாக்ஸி 50, 60 டிகிரியிலேயே இளகும். நேராக்கிய அடி மறுபடி வளையும்.

இடிபட்ட பேட்டரியை உள்ளேயே வைத்திருப்பது

உப்பியிருந்தால் உடனே வெளியே, மணலில், வீட்டை விட்டுத் தள்ளி.

அந்தத் தம்பியின் படகுக்கு வருகிறேன். ஸ்கேலை வைத்து டார்ச்சை அவரிடமே கொடுத்தேன். குனிந்து பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. உள்வாங்கல் ஒரு மில்லிமீட்டருக்கும் அதிகம், புட்டியால் நிரப்பிச் சரிக்கட்ட முடியாது. பழைய ஒட்டை அவர் கையாலேயே வெட்டி எடுத்தோம். இப்போது படகு பட்டறையில் கண்ணாடிப் பட்டையோடு கட்டிக் கிடக்கிறது. நாளைக் காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்குள், முதல் துணி போட வரச் சொல்லியிருக்கிறேன்.