பேண்ட் லீடர் ஆகிவிட்டீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

நம் ஊர்ப் பள்ளிகளில் பேண்ட் லீடரைத் தேர்ந்தெடுக்கும் முறை எளிது. பி.டி. சார் பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவார், இருப்பதிலேயே உயரமானவன் கையில், பேண்டுக்கு முன்னால் நடந்து சைகை காட்டும் கோலைக் கொடுப்பார். ஒன்பதாம் வகுப்பில் எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. ஆகஸ்ட் 15-க்கு ஆறு வாரம் இருந்தது. ஒரு லீடர் என்னென்ன தவறு செய்யக்கூடாதோ, அத்தனையையும் அந்த ஆறு வாரத்துக்குள் செய்து முடித்தேன். இப்போது சனிக்கிழமைகளில் ஒரு பள்ளி பேண்டுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறேன். முகங்கள்தான் வேறு, தவறுகள் அதேதான்.

கோல் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் பழகுவது அதைச் சுழற்றுவது. நான் மொட்டைமாடியில் இரண்டு வாரம் சுழற்றினேன், ஒரு பூந்தொட்டி போயிற்று. ஆனால் டிரம் முழங்கும்போது நீங்கள் கத்துவது பத்தடி தாண்டிக் கேட்காது. கிளம்பு, நின்ற இடத்திலேயே காலடி போடு, திரும்பு, நிறுத்து எல்லாவற்றையும் கோல்தான் சொல்ல வேண்டும். எந்த அசைவுக்கு என்ன அர்த்தம் என்று கடைசி வரிசையில் இருக்கும் ஆறாம் வகுப்புப் பையனுக்குத் தெரிந்திருக்கிறதா? ஒருநாள் கோலை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு அந்தப் பையன் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். பாதி சமயம் முன்னால் இருப்பவர்களின் முதுகைத் தவிர அங்கிருந்து ஒன்றுமே தெரியாது.

அடுத்தது, வாத்தியத்தை யாருக்குக் கொடுப்பது என்ற விஷயம். பேண்டின் வேகத்தை லீடர் முடிவு செய்வதாக எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது பெரிய டிரம் அடிப்பவர் கையில் இருக்கிறது. நடுவில் அவர் வேகம் கூட்டினால் கோலை வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. நான் அதை என் பெஞ்ச் நண்பனுக்குக் கொடுத்தேன். நண்பன் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. சுதந்திர தினத்தன்று கூட்டத்தைப் பார்த்ததும் அவனுக்குப் படபடப்பு. நிமிடத்துக்கு 120 காலடி என்ற வழக்கமான வேகம் எங்கோ போய், பின்னால் வந்த சின்னப் பிள்ளைகள் ஓடாத குறை.

அன்று மத்தியானமே, சைடு டிரம் அடித்த எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனைத் தேடிப் போனேன். அவன் கை மட்டும் கடைசிவரை பதறவில்லை. எப்படி என்று கேட்டேன். "மனசுக்குள்ள எண்ணிட்டே இருப்பேன் அண்ணே, கூட்டத்தைப் பாக்க மாட்டேன்" என்றான். என்னைவிடச் சின்னவனிடம் போய் ஒன்றைக் கேட்டுக் கற்றுக்கொண்டது எனக்கு அதுதான் முதல் தடவை. நண்பனிடமிருந்து டிரம்மை வாங்குவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது, ஒரு மாதம் பேசவில்லை.

இதிலேயே இன்னொன்று. பெண் பிள்ளைகள் என்றால் ஃப்ளூட், ஜால்ரா, அவ்வளவுதான் என்று ஒதுக்காதீர்கள். குடியரசு தினத்தையொட்டி நடக்கும் தேசியப் பள்ளி பேண்ட் போட்டியில் டிரம்பெட் போன்ற பித்தளை வாத்தியங்கள் ஊதும் பிராஸ் பேண்ட், பேக்பைப் ஊதும் பைப் பேண்ட் இரண்டிலும் பெண்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே பெரிய டிரம்மைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்களும் பெண் பிள்ளைகள்தான்.

கையில் பிடித்தே பார்க்காத வாத்தியத்தைத் திருத்தப் போவது பெரிய தவறு. போன வருடம் ஒரு லீடர் பெண், ஜால்ரா பிடித்திருந்த பிள்ளையிடம் "பலமா அடி, சாப்பிடலையா?" என்று அரைமணி நேரமாகக் கத்திக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையோ கண் கலங்கக் கலங்க அடித்தது. வந்ததென்னவோ 'டப்' என்ற சத்தம்தான். பலத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு தட்டையும் நேருக்கு நேர், விளிம்போடு விளிம்பு பொருந்த அடித்தால் நடுவில் காற்று சிக்கிக்கொண்டு ஒலி அமுங்கிப்போகும். கொஞ்சம் சாய்த்து, ஒரு விளிம்பு முன்னால் படும்படி அடிக்க வேண்டும். நான் அதைச் சொல்லவில்லை. ஜால்ராவை லீடர் கையில் கொடுத்து, "நீ அடிம்மா" என்றேன். அவளுக்கும் 'டப்'. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அப்புறம் சாய்த்து அடிக்கும் வித்தையை அவர்களே பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார்கள்.

"பின்னால வர்றவங்க ஸ்டெப்பே சரியில்லை" என்று அணிவகுப்பில் வரும் பிள்ளைகளைத் திட்டுவதும் எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது. கொஞ்சம் கணக்குப் பாருங்கள். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். 120 காலடி வேகத்தில் ஒரு காலடிக்கு அரை நொடி. அப்படியானால் 170 மீட்டர் தள்ளி வருபவருக்கு டிரம் சத்தம் சரியாக ஒரு காலடி தாமதமாகத்தான் வந்து சேரும். நீங்கள் இடது கால் வைக்கும்போது அவர் வலது கால் வைப்பார், அவர் காதுக்கு அதுதான் சரி! 400 மீட்டர் ஓடுபாதையின் நேர்ப்பகுதி மட்டுமே சுமார் 84 மீட்டர், அந்தக் கோடிக்கே கால் நொடி தாமதம். தவறு அவர்கள் மேல் இல்லை. முன்வரிசையின் காலைப் பார்த்து அடி வைக்கச் சொல்லுங்கள், காதை நம்ப வேண்டாம். பேண்டை மைதானத்தின் ஒரு கோடியில் நிறுத்தாமல் மேடைக்கு எதிரே நடுவில் நிறுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும். இது புரிவதற்கு முன்னால் நான் திட்டிய திட்டுக்கு ஏழாம் வகுப்பு முழுவதிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

வாட்ச் இல்லாமல் ஒத்திகை பார்க்காதீர்கள். தேசிய கீதத்துக்கு 52 நொடி. தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 55 நொடி என்று 2021-ல் தமிழக அரசு ஆணையே போட்டிருக்கிறது. பதற்றத்தில் இருக்கும் பேண்ட் இரண்டையுமே விரட்டிவிடும்.

வெயில் விஷயத்தையும் பி.டி. சார் தலையில் கட்டிவிடக் கூடாது. சிறப்பு விருந்தினர் தாமதமாக வருவது நம் வழக்கம். முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தங்கி, மயக்கம் போட்டு விழுவார்கள். முழங்காலை லேசாகத் தளர்த்தி, ஷூவுக்குள் விரலை அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். காலையில் யார் சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள் என்று ஒரு சுற்றுப் போய்க் கேளுங்கள், கேட்டால்தான் சொல்வார்கள்.

கடைசியாக, கோலைப் பொத்தி வைத்துக்கொள்வது. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளை மைதானப் பக்கம் விடமாட்டார்கள். ஜனவரி 26 அதற்கு அப்புறம்தான் வரும். தீபாவளிக்குள் இன்னொருவரைத் தயார் செய்யாவிட்டால் குடியரசு தினத்துக்குத் தலை இல்லாத பேண்டாக நிற்கும். சரி, தயார் செய்தாலும் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். நான் சொன்ன அந்த ஜால்ரா லீடர் பெண், போன நவம்பரில் எட்டாவது படிக்கும் ஒரு பையனை அழைத்து, சைகைகள், பெரிய டிரம், ஜால்ரா, வாட்ச் என்று ஒரு மணி நேரம் பொறுமையாக விளக்கினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் கோலை வாங்கிக்கொண்டு, "அக்கா, இதை எப்படிக்கா சுத்துறது?" என்றான்.