பழைய பாய்மரப் படகு வாங்கிச் சரிசெய்யப் போகிறீர்களா? முதலில் மழை பெய்யும் நாளில் போய்ப் பாருங்கள்

இங்கிலாந்தின் தெற்குக் கரையில், சவுத்தாம்ப்டனிலிருந்து சிச்செஸ்டர் வரை எந்தப் படகுத்துறைக்குப் போனாலும் பின்பக்கம் ஒரு மூலை இருக்கும். பாசி படிந்து, தார்ப்பாய் கிழிந்து தொங்க, நாலைந்து வருடமாக யாரும் ஏறியே பார்க்காத பாய்மரப் படகுகள் அங்கே முட்டுக்கொடுத்து நிற்கும். சிலவற்றின் விலை ஒரு நல்ல சைக்கிள் விலைதான். சிலதை "சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது படகு விஷயத்தில் செல்லாது. பல்லைப் பிடித்து, வாலைத் தூக்கி, குளம்பைத் தட்டி எல்லாம் பார்க்க வேண்டும். ஏனென்றால் ஃபைபர்கிளாஸ் படகு மட்காது, அதை எரித்து ஒழிக்கவும் முடியாது. உடைத்து அப்புறப்படுத்தக் காசு கேட்பார்கள், நிறுத்திவைக்கும் வாடகையோ மாதாமாதம் ஏறிக்கொண்டே இருக்கும். அந்தத் தலைவலியைத்தான் உங்களுக்குத் "தானம்" கொடுக்கிறார்கள்.

நான் 26 அடிப் படகு ஒன்றை வாங்கி மூன்று குளிர்காலம் அதோடு மல்லுக்கட்டியவன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அதனால் படகைத் தேடுவதற்கு முன்னால் அதை எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்று தேடுங்கள். மரினா எனப்படும் வசதியான படகு நிறுத்துமிடத்தில் படகின் நீளத்தை வைத்து, மீட்டருக்கு இவ்வளவு என்று ஆண்டுக்கு வாங்குவார்கள். தெற்குக் கரையில் சின்னப் படகுக்கே அது சில ஆயிரம் பவுண்டு வரும், பல நேரம் படகு விலையைவிட அதிகம். கழிமுகத்து ஓடைகளில், கடல் ஓதம் இறங்கித் தண்ணீர் வற்றியதும் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும் இடம் கிடைத்தால் செலவு அதில் ஒரு பங்குதான். ஆனால் அங்கே நிறுத்த, சேற்றில் சாயாமல் நேராக நிற்கும் படகு வேண்டும். ஆக, எந்த மாதிரிப் படகு என்பதில் பாதி முடிவை நிறுத்தும் இடமே எடுத்துவிடுகிறது.

இதனால்தான் வெஸ்டர்லி சென்டார் என்ற படகு இன்றும் இவ்வளவு பேச்சில் இருக்கிறது. லாரன்ட் கைல்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு, 26 அடி. 1969 முதல் 1980 வரை 2,400-க்கும் மேல் கட்டினார்கள். அடியில் ஒன்றுக்குப் பதில் இரண்டு கீல், அதாவது படகைக் கவிழாமல் பிடிக்கும் வார்ப்பிரும்புப் பளு, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும். வற்றினால் இரண்டு காலில் நிற்கிற மாதிரி நிற்கும். வேகமாகப் போகாது, காற்றை எதிர்த்து ஏறுவதிலும் பெரிய சூரன் இல்லை. ஆனால் உள்ளே இடம் தாராளம், உதிரிப் பொருள் கிடைக்கும், உரிமையாளர் சங்கம் இருக்கிறது, எங்கே என்ன கெடும் என்று ஊருக்கே தெரியும். அதற்கு நேர் எதிர் முனையில் கான்டெஸ்ஸா 32 என்ற படகு. 1979-இல் ஃபாஸ்ட்நெட் என்ற பாய்மரப் படகுப் போட்டியில் புயலடித்துப் போட்டியாளர்கள் 15 பேர் இறந்தார்களே, அந்தப் போட்டியில் மிகச்சிறிய படகுகளின் பிரிவில் முழுத் தூரத்தையும் ஓடி முடித்த ஒரே படகு ஒரு கான்டெஸ்ஸா 32. அந்தப் பெயருக்காகவே பழசானாலும் விலை இறங்காது. முதல் படகுக்கு என் ஓட்டு, நிறையக் கட்டப்பட்ட, கவர்ச்சியில்லாத வகைக்குத்தான். மரப்படகு வேண்டும் என்றால் தச்சுவேலை கைவசம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தள்ளி நின்று படம் பிடித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது, நான் யாரைப் பார்த்தாலும் சொல்வது: அசிங்கமான படகை வாங்குங்கள், பிரித்துப் போட்ட படகை வாங்காதீர்கள். நான் முதலில் பார்த்த படகு அப்படி ஒன்று. ஜன்னல் சட்டங்கள் ஒரு அட்டைப்பெட்டியில், எஞ்சின் வெளியே தார்ப்பாய்க்கு அடியில், உள்ளே ஏழெட்டு பிஸ்கட் டின் நிறைய ஸ்குரூவும் போல்ட்டும். எது எங்கிருந்து கழற்றியது என்று ஒரு டின்னிலும் எழுதியிருக்கவில்லை. "எல்லாம் இருக்கு, திரும்பப் பூட்ட வேண்டியதுதான் பாக்கி" என்றார் உரிமையாளர். அவர் அதைப் பிரித்து ஆறு வருடம் ஆகியிருந்தது. பாதியில் நின்றுபோன வேலை ஏன் நின்றது என்று யோசியுங்கள். கழற்றக் கழற்ற உள்ளே ஏதோ வந்திருக்கிறது, அதற்குக் காசோ மனசோ இல்லாமல் போயிருக்கிறது. அதே விலைக்கு, பெயிண்ட் உரிந்து, மெத்தை நாறி, ஆனால் போன கோடையில் கடலுக்குப் போய் வந்த படகு கிடைத்தால் அதுதான் லாபம்.

சரி, பார்க்கப் போகும் நாள். மழை பெய்யும் நாளாகப் பார்த்துப் போங்கள், வெயில் நாளில் எல்லாப் படகும் நல்ல படகுதான். டார்ச், சின்ன பிளாஸ்டிக் தலைச் சுத்தியல், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு, கிழிந்தாலும் கவலையில்லாத உடை. கதவைத் திறந்ததும் முதலில் மூக்கைப் பயன்படுத்துங்கள். ஈரப் பூஞ்சை வாடை வந்தால் பரவாயில்லை. டீசல் வாடை என்றால் எங்கிருந்து என்று தேட வேண்டும். சமையல் காஸ் வாடை வந்தால் தீப்பெட்டி, சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்துவிடுங்கள். அந்த காஸ் காற்றைவிடக் கனமானது, படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கி நிற்கும்.

மேல்தளத்தை அடி அடியாகத் தட்டிக்கொண்டே போங்கள். பல படகுகளில் மேல்தளம் என்பது இரண்டு ஃபைபர்கிளாஸ் தகடுகளுக்கு நடுவே பால்சா என்ற லேசான மரத்தை வைத்தது. மேலே பூட்டிய ஒவ்வொரு போல்ட் துளையும் தண்ணீர் இறங்கும் வழி. நாற்பது வருடத்தில் அந்த மரம் ஊறிக் களியாகிவிடும். நல்ல இடத்தில் தட்டினால் "டக்" என்று கூர்மையாகக் கேட்கும், ஊறிய இடத்தில் "தொப்" என்று செத்த சத்தம். தேங்காய் தட்டி வாங்கிய காது இருந்தால் போதும், ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். பாய்மரம் உட்காரும் இடத்தைச் சுற்றித் "தொப்" கேட்டால் விலையைப் பற்றிப் பேச்செடுக்காமல் வீட்டுக்குக் கிளம்பலாம். ஓரத்தில் ஒரு கையகலம் மட்டும் என்றால் அது ஒரு வார வேலை: மேல்தோலை வெட்டி, களியைச் சுரண்டி, புது மரம் வைத்து மூடுவது.

படகின் அடிப்பக்கத்தில் கொப்புளங்கள் இருக்கலாம். ஆஸ்மோசிஸ் என்பார்கள், அந்தப் பெயரைக் கேட்டாலே புதிதாய் வாங்குபவர்கள் ஓடுவார்கள். வெளிப்பூச்சு வழியாக ஈரம் மெல்ல உள்ளே போய், அங்கே கரையக்கூடிய ரசாயனங்களோடு சேர்ந்து அமிலநீராகி, பூச்சைத் தள்ளிக்கொண்டு வருவதுதான் கொப்புளம். கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒன்றைக் குத்தினால் வினிகர் வாடை வரும். முழுச் சிகிச்சை என்றால் பூச்சை உரித்து, நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவி, மாதக்கணக்கில் காயவைத்து, எபாக்சி என்ற பிசின் பூச வேண்டும், பல ஆயிரம் பவுண்டு. ஆனால் ஆஸ்மோசிஸால் படகு மூழ்குவது அபூர்வத்திலும் அபூர்வம். அங்கங்கே பத்துப் பதினைந்து கொப்புளம் என்றால் அதை விலை குறைக்கும் ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பயப்பட வேண்டியது கீலும், படகின் வயிற்றிலுள்ள துளைகளும். கீல் படகோடு சேரும் கோட்டில் துரு ஒழுகியிருக்கிறதா, இடைவெளி விட்டிருக்கிறதா பாருங்கள். சென்டார் போன்ற இரட்டைக் கீல் படகுகளில், சேற்றில் உட்கார்ந்து எழுந்து எழுந்து, கீல் போல்ட்டைச் சுற்றிய ஃபைபர்கிளாஸ் பக்கவாட்டில் நெளிந்து விரிசல் விடுவது தெரிந்த பிரச்சினை. உள்ளே தளப்பலகையையும் படுக்கைக்கு அடியில் உள்ள பெட்டிகளையும் தூக்கி, டார்ச் அடித்து, போல்ட் தலைகளைச் சுற்றித் தேடுங்கள். பலர் ஏற்கனவே கூடுதல் அடுக்கு போட்டுப் பலப்படுத்தியிருப்பார்கள், ரசீது கேளுங்கள்.

துளைகளுக்கு வருவோம். கழிவறைக்கு, எஞ்சின் குளிர்நீருக்கு, சிங்க் வடிவதற்கு என்று படகின் வயிற்றில் ஐந்தாறு துளை இருக்கும். ஒவ்வொன்றிலும் சீகாக் என்ற அடைப்பு வால்வு. அது வெண்கலமாக இருந்தால் நல்லது. சாதாரணப் பித்தளையாக இருந்தால் கடல்நீர் அதிலுள்ள துத்தநாகத்தை அரித்துவிட்டு, வெறும் செம்பைப் பஞ்சு மாதிரி நிற்க வைத்துவிடும். பார்க்க முழுசாக இருக்கும், சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரியும். என் படகைப் பார்க்க வந்த சர்வேயர், அதாவது படகின் நிலையைச் சோதித்து அறிக்கை தருபவர், கழிவறை சீகாக்கைச் சுத்தியலால் தட்டினார். ஓங்கி அடிக்கவில்லை, கதவைத் தட்டுகிற மாதிரிதான். குழாய் மாட்டும் முனை அப்படியே உடைந்து அவர் கையோடு வந்தது. உடைந்த முகம் ரோஸ் நிறத்தில், ஊறிய ரஸ்க் மாதிரி இருந்தது. அந்தப் படகு இரண்டு மாதத்துக்கு முன்புவரை தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. வாங்கியதும் எல்லா சீகாக்கையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுங்கள்.

எஞ்சின் விஷயத்தில், "நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, போனதும் முதல் வேலையாக எஞ்சின் மேல் கை வையுங்கள். ஒரு இடத்தில் நான் பத்து நிமிடம் முன்னதாகப் போய்விட்டேன், எஞ்சின் இட்லிப் பானை மாதிரி சூடாக இருந்தது! குளிர்ந்த நிலையில் கிளம்ப அடம்பிடிக்கும் எஞ்சினை முன்பே சூடேற்றி வைப்பது பழைய தந்திரம். எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்து, எண்ணெய் பால்காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. புகை நீலமாக வந்து நிற்காமல் போனால் எண்ணெய் எரிகிறது. புது டீசல் எஞ்சின் சின்னதே, பொருத்துகூலியோடு 8,000 பவுண்டுக்குள் முடிந்தால் அதிர்ஷ்டம். அதனால் எஞ்சின் செத்த படகு சும்மா கிடைத்தாலும் விலை உயர்ந்த படகுதான்.

பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிகளைத் துணி சுற்றிய கையால் கீழ்முனையில் தடவுங்கள். இழை அறுந்திருந்தால் துணியில் மாட்டும். எப்போது மாற்றியது என்று கேளுங்கள். பத்து வருடம் தாண்டினால் காப்பீட்டுக்காரர்கள் முணுமுணுக்க ஆரம்பிப்பார்கள். மரக்கறை, நாறிய மெத்தை, மஞ்சளித்த ஜன்னல், சிக்குப்பிடித்த ஒயர், கூரையிலிருந்து பிய்ந்து தலையில் விழும் வினைல் துணி, இதெல்லாம் பார்க்கத்தான் பயங்கரம். அந்தத் துணிக்குப் பின்னாலிருக்கும் ஃபோம் வயதாகி மாவாய் உதிர்வதுதான் காரணம், 70-களின் படகுகளில் சர்வசாதாரணம். விற்பவருக்கு வெட்கம், உங்களுக்குத் தள்ளுபடி.

இவ்வளவும் நீங்களே பார்த்த பிறகு, மனசுக்குப் பிடித்திருந்தால் மட்டும் சர்வேயரைக் கூப்பிடுங்கள். படகு தரையில் இருக்கும்போது சர்வே செய்ய வேண்டும். சில நூறு பவுண்டு ஆகும், கொடுக்க வலிக்கும். பழைய படகுக்குப் பல காப்பீட்டு நிறுவனங்கள் எப்படியும் அந்த அறிக்கையைக் கேட்கும். அப்புறம், சர்வே முடிவைப் பொறுத்தே வாங்குவேன் என்று எழுதிக்கொண்டுதான் முன்பணம் கொடுக்க வேண்டும். விற்பவர் சொல்லும் சர்வேயர் வேண்டாம், நீங்களே பிடியுங்கள்.

காகிதம் விஷயத்தில் பலர் ஏமாறும் இடம் ஒன்று: பிரிட்டனில் சிறுபடகுப் பதிவேட்டில் பெயர் இருப்பது உரிமைக்கான ஆதாரம் ஆகாது. கட்டிய நிறுவனத்தின் ரசீதிலிருந்து இன்றுவரை கைமாறிய ஒவ்வொரு விற்பனைப் பத்திரமும் சங்கிலி மாதிரி இருக்கிறதா பாருங்கள். பிறகு படகுத்துறை அலுவலகத்துக்குப் போய், வாடகை பாக்கி உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். பாக்கி இருந்தால் படகை நகர்த்த விடமாட்டார்கள், அதற்குள் அது உங்கள் படகாகியிருக்கும்.

வாங்கியாயிற்றா, வேலைக்கு வரிசை உண்டு. தண்ணீர் உள்ளே வரும் இடம் எல்லாம் முதலில்: சீகாக், குழாய், ஜன்னல், மேல்தளத் துளைகள். அடுத்து எஞ்சின், கம்பிகள். மெத்தைத் துணி, வார்னிஷ் கடைசி. பெரும்பாலானவர்கள் வார்னிஷிலிருந்துதான் தொடங்குவார்கள், ஏனென்றால் அன்று சாயங்காலமே பளபளக்கும். இன்னொன்று, வழக்கமாகப் படகைத் தண்ணீரைவிட்டு வெளியே எடுத்து நிறுத்தும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை இந்த ஊரில் குளிர், ஈரம், டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டு. எபாக்சி அந்தக் குளிரில் சரியாக இறுகாது. அதனால் குளிர்காலத்தில் உள்வேலை, வெளிவேலை ஏப்ரலுக்குப் பிறகு என்று கணக்குப் போடுங்கள். அடிப்பாகத்துப் பழைய பாசித்தடுப்புப் பெயிண்டை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. 1987-இல் சிறுபடகுகளுக்குத் தடை செய்யப்பட்ட, டின் (வெள்ளீயம்) கலந்த பெயிண்ட் அடியடுக்கில் இன்னும் இருக்கலாம். நனைத்துத் தேய்த்து, முகமூடி போட்டு, சுரண்டியதைத் தார்ப்பாயில் பிடித்து அள்ளுங்கள்.

படகை இறக்கும் நாளில், கிரேன் பட்டையில் தொங்கியபடியே அது மிதக்க ஆரம்பித்ததும், பட்டையைக் கழற்ற விடாமல் உள்ளே இறங்கி, டார்ச்சோடு ஒவ்வொரு சீகாக்கையும் கீல் போல்ட்டையும் தொட்டுத் தொட்டுப் பாருங்கள். விரல் காய்ந்தே இருக்கிறதா என்று பத்து நிமிடம் கழித்து இன்னொரு சுற்று. மேலே கிரேன்காரர் வாட்சைப் பார்த்துக்கொண்டு முனகுவார். முனகட்டும்.