முருங்கை ஆடினால் மணி அடிக்கக் கூடாது

துறையூரில் அம்மா தனியாக இருக்கிறாள். 76 வயது. நான் தாம்பரத்தில். போன வருடம் ஆடி மாதத்தில் ஒருநாள் காலை, மோட்டார் ஓடவில்லை என்று போன் செய்தாள். எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பார்த்தால் மோட்டாரில் கோளாறே இல்லை. கொல்லைச் சுவரோரம் போகிற செம்பு வயரை இரவோடு இரவாக யாரோ அறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். போனது பெரிய காசு இல்லை. அம்மா படுத்திருந்த ஜன்னலுக்கு நாலடி தள்ளி நின்று அறுத்திருக்கிறார்கள் என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அடுத்த மாதம் நான்கு நாள் லீவு போட்டுப் போய் இரண்டு கேமரா வைத்தேன். மாட்டியது ஒரே நாளில் முடிந்தது. அதிலிருந்து போனுக்கு வருகிற அறிவிப்பை உருப்படியாக்க ஒன்றரை மாதம் ஆனது. கடையில் யாரும் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில் எங்கே வைப்பது என்று பார்ப்போம். கடைக்குப் போகும் முன்பு, இருட்டிய பிறகு, திருட வந்தவன் மாதிரி வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். நான் அப்படி நடந்தபோதுதான், பின்பக்கக் காலி மனையிலிருந்து ஒரு செங்கல் குவியல் எங்கள் மதிலுக்குப் படிக்கட்டு மாதிரி கிடந்தது தெரிந்தது. கேமராவுக்கு முன்னால் அதை அப்புறப்படுத்தினேன். அதற்குச் செலவு இல்லை. அப்புறம் இரண்டு இடங்களை முடிவு செய்தேன்: தெருவாசல் கிரில் கேட், கொல்லைக் கதவு. ஒரு ஆள் உள்ளே வர இந்த இரண்டில் ஒன்றைத் தாண்டியே ஆக வேண்டும்.

கூடத்தில் ஒன்று வைக்கலாம் என்று மூன்றாவதாகவும் ஒரு கேமரா வாங்கியிருந்தேன். அம்மா ஒரே கேள்விதான் கேட்டாள்: "ஏண்டி, நான் எத்தனை தடவை பாத்ரூம் போறேன்னு உனக்குக் கணக்கு வேணுமா?" அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது சிலதுதான். வெளியே வைக்கிற கேமரா ஐபி66 அல்லது ஐபி67 என்று போட்டிருக்க வேண்டும். மழை, தூசி இரண்டையும் தாங்கும். வைஃபையோடு லேன் கேபிள் சொருகும் இடமும் இருப்பதாக வாங்குங்கள், பின்னால் காப்பாற்றும். லென்ஸ் 2.8 மி.மீ. என்றால் ஏறக்குறைய 100 டிகிரி அகலத்துக்குப் பார்க்கும், ஆனால் 30 அடிக்கு அப்பால் வருகிறவர் ஆளா என்று தெரியும், யார் என்று தெரியாது. நீளமான சந்துக்கு 4 மி.மீ. நல்லது. மனிதரை மட்டும் அடையாளம் காணும் வசதி கேமராவுக்குள்ளேயே இருக்கிறதா, அதற்கு மாதச் சந்தா கேட்கிறார்களா என்று கேளுங்கள். மெமரி கார்டு சாதாரணமானது வேண்டாம். இடைவிடாமல் எழுதி எழுதிச் சீக்கிரம் செத்துவிடும். கேமராவுக்கென்றே விற்கிற 'ஹை என்டியூரன்ஸ்' கார்டு வாங்குங்கள். கணக்கு எளிது: வினாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் 24 மணி நேரமும் பதிவானால் ஒரு நாளைக்குச் சுமார் 22 ஜிபி. 128 ஜிபி கார்டில் ஐந்தரை நாள் நிற்கும், பிறகு பழையதை அழித்துப் புதியதை எழுதும்.

பெட்டியைப் பிரித்தவுடன் ஏணியில் ஏறாதீர்கள். எல்லா அமைப்பையும் சாப்பாட்டு மேசையில் வைத்தே முடித்துவிடுங்கள். பெரும்பாலான கேமராக்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும். ரவுட்டரில் 2.4, 5 இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் கேமரா சேராமல் அடம் பிடிக்கலாம். பெயரைப் பிரித்துவிட்டால் சேர்ந்துவிடும். அடுத்தது மென்பொருள் அப்டேட், அடுத்தது பாஸ்வேர்டு. கடைசியாக நேரம். இதை விட்டுவிட்டு நான் ஒரு வாரம் குழம்பினேன். காலை 6 மணிக்கு வருகிற பால்காரர் 8:30க்கு வந்ததாகப் படத்தில் இருந்தது. கேமரா இன்னும் சீன நேரத்திலேயே இருந்திருக்கிறது. நமக்கும் அதற்கும் இரண்டரை மணி நேரம் வித்தியாசம். ஜிஎம்டி +5:30 என்று மாற்றுங்கள். நாளைக்குப் போலீஸிடம் வீடியோவைக் காட்ட வேண்டி வந்தால் நேரம் தப்பாக இருக்கக் கூடாது.

மேசையில் ஓடிய கேமராவை, மாட்டப் போகிற இடத்தில் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஆப்பில் சிக்னல் பாருங்கள். மைனஸ் 60க்குப் பக்கத்தில் இருந்தால் கவலை இல்லை. மைனஸ் 75, 80 என்று போனால் படம் உறைந்து உறைந்துதான் வரும். அம்மா வீட்டுச் சுவர் ஒன்றரை அடி தடிமன். இரண்டு சுவர் தாண்டியதும் கொல்லையில் வைஃபை செத்துவிட்டது. கேட் 6 (Cat 6) என்ற லேன் கேபிளைப் பிவிசி பைப்புக்குள் விட்டு 25 மீட்டர் இழுத்தோம். 100 மீட்டர் வரை அந்தக் கேபிள் தாங்கும், அதனால் எவ்வளவு நீளமான வீடானாலும் பயப்பட வேண்டாம்.

மாட்டும் உயரம் எட்டிலிருந்து பத்து அடி. கைக்கு எட்டக் கூடாது. அதே சமயம் மாடி உயரத்துக்குப் போனால் வருகிறவரின் உச்சந்தலைதான் தெரியும். சன்ஷேடுக்கு அடியில் வைத்தால் வெயிலும் மழையும் நேராகப் படாது. ஆனால் சன்ஷேடின் வெள்ளைச் சுண்ணாம்பு படத்தின் ஓரத்தில்கூடத் தெரியக் கூடாது. இரவில் கேமரா வீசும் அகச்சிவப்பு வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, பக்கத்தில் இருப்பது பளீரென்றும் வாசல் கறுப்பாகவும் தெரியும். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உள்ளே இருந்து வைக்கலாமே என்று நினைப்பவர்களுக்கும் இதேதான் பதில். இரவில் கண்ணாடிதான் தெரியும். மேற்கே பார்த்து வைக்காதீர்கள், சாயங்கால வெயில் கண்ணைக் கட்டும். வயர் சுவருக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். மழைத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், துளைக்குள் போகாது.

பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர் என்றால் இன்னொன்று. 6 எம்.எம். துளை போட்டதும் மாவாகக் கொட்டியது, பிளக் நிற்கவே இல்லை. அண்ணன் ஒரு தேக்குத் துண்டை நான்கு நீள ஸ்குரூ போட்டு இறுக்கி, அதன் மேல் கேமராவை மாட்டினார்.

கரண்ட் விஷயத்தில் இரண்டு தப்பு செய்தேன். முதலாவது, ரவுட்டர் இன்வெர்ட்டர் லைனில், கேமரா சாதா லைனில். கரண்ட் போனதும் இன்டர்நெட் இருந்தது, கண் இல்லை. இரண்டாவது, வாசல் கேமராவின் 12 வோல்ட் வயரை மெல்லிய வயரால் 15 மீட்டர் நீட்டினேன். பகலில் ஜோராக ஓடியது. இருட்டியதும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அணைந்து அணைந்து எரிந்தது. கேமரா கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். அகச்சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்ததும் அதிகக் கரண்ட் இழுக்கிறது, மெல்லிய வயரில் வோல்டேஜ் விழுந்துவிடுகிறது, அவ்வளவுதான். 230 வோல்ட் லைனையே கேமரா பக்கம் வரை கொண்டுபோய், அடாப்டரை மழை புகாத ஜங்ஷன் பாக்ஸில் வைத்ததும் சரியானது. இந்த வேலையை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

சரி, அறிவிப்புக்கு வருவோம். முதல் இரவு நிம்மதியாகப் படுத்தேன். காலையில் போனில் 143 அறிவிப்புகள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாதிக்கு மேல் கொல்லை முருங்கை மரம் காற்றில் ஆடியது. அப்புறம் விளக்கைச் சுற்றும் பூச்சிகள். அப்புறம் ஒரு சிலந்தி; லென்ஸுக்கு முன்னால் இழுத்திருந்த ஒற்றை நூல் இரவில் வெள்ளைக் கயிறு மாதிரி மின்னியது. தெருவில் போன வண்டிகளின் வெளிச்சம். நாய். ஒரு மனிதர்கூட இல்லை.

கேமராவுக்கு அசைவு என்றால் என்னவென்று தெரியாது. போன படத்தையும் இந்தப் படத்தையும் ஒப்பிட்டு, எத்தனை புள்ளிகள் மாறின என்று எண்ணுகிறது. அதற்கு முருங்கையும் ஒன்று, திருடனும் ஒன்று. பேட்டரியில் ஓடும் கேமராக்கள் வேறு விதம். அவற்றில் உள்ள பிஐஆர் சென்சார் உடல் சூட்டை உணர்வது. மரம் ஆடினால் கண்டுகொள்ளாது. ஆனால் சித்திரை வெயிலில் சுற்றுப்புறச் சூடே 37 டிகிரியைத் தொட்டுவிட்டால் ஆளுக்கும் சுவருக்கும் வித்தியாசம் தெரியாமல் திணறும். நேராகத் தன்னை நோக்கி வருகிறவரைவிடக் குறுக்கே நடக்கிறவரைத்தான் அது நன்றாகப் பிடிக்கும். அதை வைத்துக் கோணம் பாருங்கள்.

143ஐப் பார்த்த கோபத்தில் நான் செய்த முதல் காரியம், சென்சிட்டிவிட்டியை அடிமட்டத்துக்குக் குறைத்தது. அடுத்த இரவு 20தான். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். சந்தேகம் தீர, பக்கத்து வீட்டுத் தம்பியை இரவு எட்டு மணிக்குக் கொல்லையில் நடக்கச் சொன்னேன். மதில் ஓரமாகவே கதவு வரை போய்த் திரும்பி வந்தான். போன் மூச்சு விடவில்லை. முருங்கையோடு திருடனையும் சேர்த்து விரட்டிவிட்டிருக்கிறேன்.

ஆகவே சென்சிட்டிவிட்டியைக் கடைசியில் தொடுங்கள். முதலில் எல்லை வரைவது. ஆப்பில் 'ஆக்டிவிட்டி ஸோன்' என்ற மாதிரி ஒன்று இருக்கும். படத்தில் தரையையும் கதவையும் மதிலின் மேல் விளிம்பையும் மட்டும் கட்டம் போட்டுச் சேர்த்தேன். வானம், மரத்தின் தலை, தெரு மூன்றையும் விட்டேன். இது ஒன்றிலேயே பெரும்பகுதி அடங்கிவிட்டது. இரண்டாவது, மனிதரை மட்டும் சொல் என்ற அமைப்பு. நாயும் பூச்சியும் இதில் போயின. மூன்றாவது நேரம்: கொல்லைக்கு இரவு 10:30 முதல் காலை 4:45 வரை மட்டும் அறிவிப்பு. பகலில் அம்மாவே அங்கே பத்து முறை போகிறாள். பதிவு 24 மணி நேரமும் ஓடும், சத்தம்தான் வராது. இத்தனையும் செய்த பிறகு சென்சிட்டிவிட்டியை நடுவில் வைத்து, ஒவ்வொரு படியாக ஏற்றி இறக்கிப் பார்த்தேன்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு ஆளை நடக்கவிட்டுச் சோதியுங்கள், அதுவும் இரவில். குனிந்து, தலையில் துண்டு போட்டு, குடை பிடித்து நடக்கச் சொல்லுங்கள். குடை பிடித்துப் போன தம்பியை எங்கள் கேமரா மனிதக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அதனால் மதில் விளிம்பில் மட்டும், யார் எவர் என்று பார்க்காமல் எது தாண்டினாலும் சொல் என்று ஒரு கோடு தனியாகப் போட்டேன். வாரத்துக்கு இரண்டு பூனை வருகிறது. பரவாயில்லை.

கேமரா ஒழுங்காக அனுப்பியும் போன் தூங்கினால் என்ன பயன்? பல ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்தப் பின்னால் ஓடும் ஆப்பை நிறுத்திவிடும். செட்டிங்ஸில் அந்த ஆப்புக்குப் பேட்டரிக் கட்டுப்பாடு வேண்டாம் என்று கொடுங்கள். 'டு நாட் டிஸ்டர்ப்' போட்டுத் தூங்குபவர்கள் இதற்கு மட்டும் விலக்கு கொடுங்கள். வாட்ஸ்அப் சத்தமே இதற்கும் இருந்தால் கை தானாகப் போனைக் கவிழ்த்துவிடும். நான் கோயில் மணி வைத்திருக்கிறேன்.

மணி அடித்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். 300 கிலோமீட்டர் தள்ளி இருந்து என்னால் ஓட முடியாது. பக்கத்து வீட்டு அண்ணன் எண், துறையூர் காவல் நிலைய எண், 112 மூன்றும் போன் முகப்பில் இருக்கின்றன. கேமரா ஸ்பீக்கரில் பேசவும் செய்யலாம். ஒருமுறை அவசரப்பட்டு "யாருய்யா அது?" என்று அதட்டினேன், நின்றது கேஸ் சிலிண்டர்காரர். பாவம், சிலிண்டரைப் போட்டுவிட்டுக் குதித்தார். அதற்குப் பிறகு அம்மாவிடம் ஒருமுறை கேட்காமல் சுவரைப் பேச விடுவதில்லை.

பாஸ்வேர்டு பற்றிச் சொன்னேன் அல்லவா, அது சும்மா இல்லை. 2016இல் மிராய் என்ற தீநிரல், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டையே வைத்திருந்த கேமராக்களையும், வீடியோவைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டிகளையும் லட்சக்கணக்கில் பிடித்துக்கொண்டது. அந்த அக்டோபரில் அவற்றை ஏவி, இணைய முகவரிகளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் டைன் (Dyn) என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்குத் திறக்கவில்லை. நீளமான பாஸ்வேர்டு, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, ரவுட்டரில் கேமராவுக்குத் தனி கெஸ்ட் வைஃபை. மாட்டிக் கொடுக்க வந்தவர் தன் போனிலும் ஆப்பைப் போட்டுப் பார்த்திருந்தால், அவர் போன பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

கொல்லைக் கேமராவில் பக்கத்து வீட்டுத் துவைக்கல்லும் தெரிந்தது. அந்த அக்காவைக் கூப்பிட்டுப் போனில் காட்டி, அவர் கண் முன்னாலேயே அந்தப் பகுதியைக் கறுப்புக் கட்டத்தால் மூடினேன். 'பிரைவசி மாஸ்க்' என்ற பெயரில் பல கேமராக்களில் இருக்கிறது. பதிவிலும் அந்த இடம் கறுப்பாகவே இருக்கும். கேட்கும்வரை காத்திருக்காமல் நாமே செய்துவிடுவது நல்லது, எப்படியும் அவசரத்துக்கு ஓடி வரப்போவது அந்த வீட்டார்தான்.

இப்போது இரவு அறிவிப்பு வாரத்துக்கு மூன்று, நான்கு. மிச்சம் இருக்கும் பராமரிப்பு சிலந்தி வலைதான். மாதம் ஒருமுறை போதும் என்றேன். அம்மா வெள்ளிக்கிழமைதோறும் ஒட்டடைக் கோலை எடுத்துக்கொண்டு அதிகாலை 4:30க்கே கொல்லைக்கு வந்துவிடுகிறாள். கோயில் மணி அடிக்கிறது. எழுந்து பார்த்தால் திரை முழுக்கத் துடைப்பம், அதற்குப் பின்னால் "தெரியுதாடி?" என்று ஒரு குரல்.