பிளைவுட்டைக் கோணாமல், அளவு பிசகாமல் அறுப்பது எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், புத்தக அலமாரிக்காக 18 மி.மீ. பிளைவுட் ஒன்றைக் கையால் தள்ளும் வட்ட ரம்ப மெஷினால் அறுத்தேன். 300 மி.மீ. இருக்க வேண்டிய தட்டுகள் எல்லாம் 298 ஆகவே வந்தன. வெட்டு நேராகத்தான் இருந்தது, அளவுதான் போயிற்று.

முதலில் தரையில் தெர்மாகோல் பரப்பி, அதன்மேல் பலகையைப் படுக்க வையுங்கள். இரண்டு ஸ்டூல்களுக்கு நடுவே வைத்து அறுத்தால், பலகை தொய்ந்து ப்ளேடைக் கவ்வும். கவ்விய கணமே மெஷின் உங்களை நோக்கித் துள்ளும். ப்ளேடு பலகைக்குக் கீழே 5 மி.மீ. இறங்கினால் போதும். வட்ட ரம்பத்தின் பற்கள் கீழிருந்து மேலாக அறுப்பதால், நல்ல முகம் கீழே இருக்கட்டும். இல்லையேல் சிராய் பெயரும்.

கோட்டைக் கண்ணால் தொடர முயல வேண்டாம். பலகைமேல் ஒரு சட்டத்தைக் கிளாம்பால் இறுக்கி, மெஷினின் அடித்தட்டை அதில் உரசியபடி தள்ளுங்கள். மரச்சட்டம் இந்தக் கடற்காற்றில் வளைந்துவிடும் என்பதால், அலுமினியச் செவ்வகக் குழாயையே நான் நம்புகிறேன். அதன் ஓரத்தை ஒட்டி ஒரு கோடு கிழித்து, குழாயைப் புரட்டி அதே ஓரத்தால் மறுபடி கிழித்துப் பாருங்கள்; இரண்டும் ஒன்றினால் குழாய் நேரானது.

நான் இடறியது அடுத்த படியில்தான். சட்டத்தைக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது? டேப்பை மெஷினில் வைத்து அளக்காதீர்கள். ஒரு கழிவுத் துண்டில் சட்டத்தை இறுக்கி, ஒரு சாண் அறுத்து, சட்டத்திலிருந்து வெட்டின் இரு விளிம்புகளுக்கும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். என் மெஷினில் அவை 127, 129. இடையிலுள்ள 2 மி.மீ. ப்ளேடு தின்னும் மரம். சட்டம் நமக்கு வேண்டிய துண்டின்மேல் இருந்தால் 127, கழிவின்மேல் இருந்தால் 129. நான் சட்டத்தைக் கழிவின்மேல் வைத்துவிட்டு 127 தள்ளினேன். ஒவ்வொரு தட்டிலும் 2 மி.மீ. தூளாகப் போயிற்று. வேண்டிய துண்டின்மேலேயே சட்டத்தை வைப்பது நல்லது, மெஷின் விலகினாலும் கழிவைத்தான் கடிக்கும். தட்டுகளை ஒரே மூச்சில் குறிக்காமல், ஒன்றை அறுத்த பிறகே அடுத்ததைக் குறியுங்கள்.

சட்டத்தின் இரு முனைகளிலும் தூரத்தைச் சரிபாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். ப்ளேடைத் தொடுமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

பின்சேர்க்கை: எட்டடி நீள வெட்டு நடுவில் மட்டும் குழிகிறது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். முனைகளில் மட்டும் இறுக்கிய ஒல்லிக் குழாய், மெஷின் அழுத்தும்போது நடுவில் நெளியும். எனக்கும் அப்படி நேர்ந்தது. மூன்றங்குல அகலக் குழாய்க்கு மாறி, அதன் நடுவே அடியில் இருபக்கமும் ஒட்டும் டேப்பை ஒட்டியபின் நின்றது.