பண்டுக்கு வெளியே பாக்காவ் நடும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ பக்கம் செம்பனைத் தோட்டம் பண்டோடு, அதாவது கடல்நீரைத் தடுக்கும் மண்கரையோடு, முடிகிறது, அதற்கப்பால் சேறு. அங்கே பாக்காவ் என்னும் சதுப்புநில மரத்தை நட விரும்புகிறவர்கள் கன்றைத் தேடுமுன் நீர்மட்டத்தை அளக்க வேண்டும். நட்டவை கூட்டமாகச் சாவதற்கு முதல் காரணம் தப்பான மட்டம்தான்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல்நீரின் பெரிய ஏற்றம் வரும். நீரில் கரையும் சாயம் பூசிய குச்சிகளை, செழித்து நிற்கும் பழைய பாக்காவ் அடியில் ஒன்றும் நடப்போகும் இடத்தில் நாலைந்துமாக ஊன்றுங்கள். தண்ணீர் வற்றியதும் சேற்றிலிருந்து சாயம் கரைந்த உயரம்வரை அளந்து பாருங்கள். பழைய மரத்தடியைவிட உங்கள் இடத்தில் ஒரு சாணுக்கு மேல் ஆழம் கூடினால் நடாதீர்கள். அதிக நேரம் மூழ்கும் தண்டில் கொட்டலசு என்னும் ஓடுள்ள சிற்றுயிர் ஒட்டும். பாரத்தில் கன்று சாயும். அந்த வெற்றுச் சேறு வீண்நிலமும் அல்ல. கொக்கும் உள்ளானும் இரை தேடுவது அங்கேதான். சேறு உயர்ந்தால் அப்பி-அப்பி என்னும் இன்னொரு சதுப்புநில மரம் தானாகவே முளைக்கும்.

மலாயா வன அதிகாரி வாட்சன் 1928இல் நீர் ஏறும் அளவை வைத்து ஐந்து வகுப்புகள் பிரித்தார். வழக்கமான ஏற்றம் தொடும் மூன்றாம் வகுப்பே பாக்காவுக்கு ஏற்றது. பெரிய ஏற்றம் மட்டும் தொடும் மேட்டில் துமு என்னும் சதுப்புநில மரத்தை நடலாம்.

பாக்காவ் காய் மரத்திலேயே நீளமான தண்டாக முளைவிடும்; அந்த முளைக்காயை மரத்திலிருந்து பிடுங்காதீர்கள். லேசாகத் தொட்டால் கழன்று வர வேண்டும். காய்க்கும் தண்டுக்கும் இடையிலுள்ள வளையம் பாக்காவ் குராப் வகையில் மஞ்சளாக, பாக்காவ் மினியாக் வகையில் செம்பழுப்பாக மாறினால் முற்றிவிட்டது. வனக் காப்பகத்தில் சேகரிக்க வன இலாகாவின் அனுமதி வேண்டும். சேகரித்ததை ஈரச் சாக்கில் கிடத்தி, நிழலில் சில நாள் வையுங்கள். பச்சையாக நட்டால் நண்டு தண்டைச் சுற்றிக் கடித்துவிடும். அதற்காக நண்டுக்கு மருந்து அடிப்பது மடத்தனம்: அதன் வளைதான் சேற்றுக்குக் காற்று, உதிர்ந்த இலையை மண்ணுக்குள் இழுப்பதும் அதுதான். தொல்லை மிகுந்தால் மூங்கில் குழாயை உறையாகப் போடுங்கள்.

கூர்முனை கீழே, காய் இருந்த முனை மேலே. நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புதைக்கக் கூடாது. பேராக்கின் மாத்தாங் சதுப்புநிலக் காட்டில் கடைப்பிடிக்கும் இடைவெளி மினியாக்குக்கு 1.2 மீட்டர், குராப்புக்கு 1.8 மீட்டர். அலையடிக்கும் இடமென்றால் பாலிபேக்கில் மூன்று நான்கு மாதம் வளர்த்து, நாலைந்து இலை விட்டபின் நடுங்கள். செம்பனை நர்சரிப் பழக்கத்தில் உரம் போட வேண்டாம். உப்புநீர் ஏறி இறங்கும் கரையோரம் பைகளை அடுக்கினாலே போதும்.

பைக்குச் சேறு எடுக்கும்போது காட்டுக்குள் தோண்டாதீர்கள், வாய்க்காலும் வெட்டாதீர்கள். இந்தியப் பெருங்கடல், பசிபிக் கரைகளின் இத்தகைய காடுகளை ஆராய்ந்த 2011 ஆய்வில் ஹெக்டேருக்குச் சராசரி 1,023 டன் கரிமம் இருந்தது. அதில் 49 முதல் 98 விழுக்காடு மண்ணில். காற்றில்லாச் சேற்றில் வேர் மட்குவது மிக மெதுவாக, அதனால் சேர்ந்த இருப்பு அது. சேற்றைக் கிளறிக் காயவிட்டால் கரியமில வாயுவாகப் போய்விடும்; மண்ணிலுள்ள கந்தகம் காற்றுப் பட்டு அமிலமாகும். கடலோரத் தோட்டங்களில் வாய்க்கால் தண்ணீர் துருநிறத்தில் ஓடுவது இதனால்தான்.

பண்டுக்கு உள்ளே கைவிட்ட நிலமானால் நடவே தேவைப்படாமல் போகலாம். இலாகா ஒப்புதலோடு வாட்டர் கேட்டை, அதாவது பண்டிலுள்ள மதகை, திறந்து உப்புநீர் போய்வர வழி செய்தால், பக்கத்தில் தாய்மரம் இருக்கும்வரை முளைக்காய் மிதந்து வந்து ஊன்றும். பியாய் என்னும் பெரணிப் புதர் மண்டிய இடத்தை மட்டும் முதலில் வெட்டிவிடுங்கள், அதற்குள் எதுவும் வேர்பிடிக்காது.

நட்டபின் முதல் ஆண்டில் ஒவ்வொரு பெரிய ஏற்றத்துக்குப் பிறகும் தண்டில் சிக்கிய பிளாஸ்டிக், வலைக்கயிறு, மரக்கட்டைகளை அகற்றுங்கள். செத்த இடத்தில் மறுநடவு செய்யும் முன் மட்டத்தை இன்னொரு தடவை அளந்துவிடுங்கள்.